கியோட்டோவோடு திரும்பிவிட வேண்டாம், வடக்கே ஒரு கடற்கரை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒசாகாவில் வேலை பார்க்கிறேன், உங்கள் நாளிதழை இணையத்தில் தினமும் படிக்கிறேன். பயணப் பக்கத்தில் ஜப்பான் என்று கண்ணில் பட்டால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைத்தான் படிப்பேன். ஆனால் இதுவரை வந்த கட்டுரைகள் எல்லாமே ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன: டோக்கியோவில் இறங்கு, ஃபுஜி மலையைப் பார், புல்லட் ரயில் ஏறு, கியோட்டோவில் சிவப்புத் தூண்களுக்கு நடுவே நின்று படம் எடு, ஒசாகாவில் சாப்பிடு, விமானம் ஏறு. முதல் முறை வருகிறவர்கள் இதைப் பார்க்கத்தான் வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் 2024இல் மட்டும் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டினர் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி இதே நாலு ஊர்களில்தான் போய் நிற்கிறது. கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்துவிட்டார்கள். ஃபுஜி மலை தெரிகிற ஒரு கடைக்கு எதிரே, படம் எடுக்கிறவர்களின் தொல்லை தாங்காமல் 2024 மே மாதம் கறுப்புத் திரையே கட்டினார்கள். இவ்வளவு நெரிசலில் போய் இடிபடுவதற்குப் பதிலாக, கையில் இன்னும் ரெண்டு நாள் இருக்கிறவர்கள் கியோட்டோவிலிருந்து நேராக வடக்கே போய் ஜப்பான் கடலைப் பார்க்கலாம் என்று உங்கள் பக்கத்தில் ஒரு தடவையாவது எழுதக்கூடாதா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்வது சானின் கடற்கரையை. கியோட்டோ மாகாணத்தின் வட முனையான தாங்கோ தீபகற்பத்தில் ஆரம்பித்து, ஹியோகோ மாகாணத்தின் வடபகுதி வழியாக டொட்டோரி வரை போகிறது. கியோட்டோ என்றாலே கோயில் நகரம்தான் நினைவுக்கு வரும், அந்த மாகாணத்துக்குக் கடற்கரை இருக்கிறது என்பதே இங்கே வந்து வருடக்கணக்கில் இருக்கிற நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 1963இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 2010இல் உலக நிலவியல் பூங்காக்கள் வரிசையிலும் இடம் கிடைத்தது. ஆசியக் கண்டத்தின் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த நிலம் பிய்ந்து நகர்ந்து, நடுவில் ஜப்பான் கடல் உருவானதே, அந்தக் கதை முழுக்க இந்தப் பாறைகளில் இருக்கிறது. ஒசாகாவிலிருந்தும் கியோட்டோவிலிருந்தும் கினோசாகி வரை விரைவு ரயில் உண்டு, இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். கினோசாகி வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ராத்திரி அங்கே தங்குங்கள், யுகாட்டா என்கிற லேசான பருத்தி அங்கியும் மரச்செருப்புமாகக் குளியல் வீடுகளுக்கு நடந்து போங்கள், அது ஒரு சுகம். பச்சை குத்தியவர்களையும் அங்குள்ள பொதுக் குளியல் வீடுகளில் விடுவார்கள், ஜப்பானில் எல்லா ஊரிலும் அப்படிக் கிடையாது.

என் கணக்கில் கினோசாகிக்கு மேற்கேதான் நிஜமான பயணம் ஆரம்பிக்கிறது. ரயிலுக்கான மின்கம்பி அந்த ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஒன்றோ இரண்டோ பெட்டிகள் கொண்ட டீசல் ரயில், மலையைக் குடைந்து குடைந்து போகும். சுரங்கம், இருட்டு, திடீரென்று ஒரு கடல் துண்டு, கீழே பத்து முப்பது கூரைகள், திரும்பவும் சுரங்கம். நிறைய ரயில்களில் ஓட்டுநர் மட்டும்தான். ஏறும்போது வாசல் பக்கம் இருக்கிற இயந்திரத்தில் எண் போட்ட ஒரு சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், இறங்கும்போது முன் பெட்டியின் முன் கதவுக்குப் போய், ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் சீட்டையும் காசையும் போட வேண்டும். சில்லறை கையில் இருக்கட்டும். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம்கூட ஆகும் என்பதால் அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

இந்தப் பாதையில் ஒரே ஒரு இடத்தில்தான் இறங்க முடியும் என்றால் அமரூபேயில் இறங்குங்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன மீனவ ஊர், அதன் கூரைகளுக்கு மேலே 41 மீட்டர் உயரத்தில், 310 மீட்டர் நீளத்துக்கு ரயில் பாலம். பழைய பாலம் இரும்புக் கால்களால் ஆனது, 1912இல் ரயில் ஓட ஆரம்பித்தது. அதற்கான இரும்பு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. கடல் அலை எட்டிவிடும் தூரத்தில் இரும்பு நின்றால் என்ன ஆகும்? உப்புக் காற்று தின்றுவிடும். அதற்காகவே தனி ஆட்களை வைத்து, துருவைச் சுரண்டி வண்ணம் பூசிக்கொண்டே இருந்தார்கள். நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தப் பாலம் நின்றதற்கு அவர்கள் கைதான் காரணம்.

ஆனால் பாலம் இருந்ததே தவிர, கீழே இருந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. தலைக்கு மேலே ரயில் போகும், ஊர்க்காரர்கள் அதில் ஏற வேண்டுமென்றால் மலையேறி, பாலத்தின் மேலேயே நடந்து, சுரங்கங்களுக்குள் புகுந்து அடுத்த நிலையமான யொரோய் வரை போக வேண்டும். கையில் சாமானும் பிள்ளைகளுமாக, அடுத்த ரயில் வருவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்ற பயத்தோடு. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மாகாண ஆளுநருக்கு எங்களுக்கு நிலையம் கட்டிக்கொடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். அனுமதி கிடைத்ததும் நடைமேடைக்கு வேண்டிய கல்லைக் கடற்கரையிலிருந்து ஊர்க்காரர்களே, பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து, அந்தச் செங்குத்தான பாதையில் சுமந்து ஏற்றினார்கள். நிலையம் 1959 ஏப்ரலில் திறந்தது. அவர்கள் கல் சுமந்த காட்சியை அங்கே சுவரில் ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் இங்கே வந்திருந்தபோது கூட்டிப்போனேன், கடலை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் அந்த ஓவியத்தை விட்டு நகரவே இல்லை. "இந்தப் பொண்ணு பாரு, தன் எடைக்குக் கல்லத் தூக்கிட்டு வர்றா" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

1986 டிசம்பர் 28ஆம் தேதி, பயணிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலைக் கடல் காற்று பாலத்திலிருந்து கீழே தள்ளிவிட்டது. கீழே நண்டு பதப்படுத்தும் தொழிற்கூடம். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஐந்து பேரும், ரயிலில் இருந்த நடத்துநரும் இறந்துபோனார்கள். பாலத்தின் அடியில் அவர்களுக்காக பௌத்தர்களின் கருணை தெய்வமான கன்னோனின் சிலை இருக்கிறது. மேலே போய்ப் படம் எடுப்பவர்கள் கீழே வந்து அந்தச் சிலை முன் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. விபத்துக்கு அப்புறம், காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே ரயிலை நிறுத்த வேண்டும் என்று விதியைக் கடுமையாக்கினார்கள், குளிர்காலத்தில் ரயில் அடிக்கடி நின்றுபோகிற நிலை. கடைசியில் 2010 ஆகஸ்டில் கான்கிரீட் பாலம் வந்தது. பழைய பாலத்தை முழுக்க அழித்துவிடாமல் நிலையத்தின் பக்கம் மூன்று இரும்புக் கால்களை மட்டும் விட்டு, அதன் மேல் பழைய தண்டவாளத்தோடு ஒரு நடைமேடை அமைத்து 2013இல் திறந்தார்கள். தரையில் ஒரு இடத்தில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், குனிந்தால் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தரை தெரியும், வயிற்றைப் பிசையும். 2017இல் மின்தூக்கியும் வந்துவிட்டது, அதனால் முழங்கால் வலி இருக்கிற பெரியவர்களும் தாராளமாகப் போகலாம்.

யொரோய் நிலையத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஊழியர் கிடையாது, கடை கிடையாது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு நடைபாதை, அதில் போய் மறுபக்கம் ஏறினால் நேர் கீழே ஒரு குட்டி வளைகுடா, படகுகள், அலைதடுப்புச் சுவர். அடுத்த ரயில் வரும் வரை அங்கே உட்காரலாம். வேறு ஒன்றும் இல்லை, அதுவே போதும்.

அதே பாதையில் காசுமி என்ற துறைமுக ஊர். குளிர்காலத்தில் நண்டுக்காக ஜப்பான்காரர்கள் குவிவார்கள், நம் ஆட்கள் பார்க்க வேண்டியது அங்கே இருக்கிற தைஜோஜி கோயில். மருயாமா ஓக்யோ என்ற பெரிய ஓவியர் (1733இல் பிறந்து 1795இல் மறைந்தவர்), அவருடைய சீடர்களோடு சேர்ந்து இந்தக் கோயிலின் தள்ளுகதவுகள் முழுக்க வரைந்திருக்கிறார், 165 ஓவியங்கள். ஓக்யோ வறுமையில் படித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கோயிலின் தலைமைத் துறவி பணம் கொடுத்து உதவினாராம், அந்த நன்றியை மறக்காமல் பெரிய ஆள் ஆனதும் வரைந்து கொடுத்தாராம், அப்படித்தான் கோயிலில் சொல்கிறார்கள். தங்கத் தகடு ஒட்டிய கதவுகளில் பைன் மரமும் மயில்களும், அதுவும் வண்ணமே இல்லாமல் வெறும் மையால். மயிலின் கழுத்தைப் பார்த்தால் பச்சையும் நீலமும் தெரிகிற மாதிரியே இருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தால் கறுப்புதான். மாடியில் சீடர் நாகசாவா ரோசெட்சு வரைந்த குரங்குக் கூட்டமும் இருக்கிறது. பாதுகாப்புக்காக மூல ஓவியங்கள் பலவற்றை எடுத்து வைத்துவிட்டு நல்ல பிரதிகளை மாட்டியிருக்கிறார்கள், ஆனாலும் அந்த அறைகளில், ஓவியர் நினைத்த அதே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது போல இல்லவே இல்லை.

கினோசாகிக்குத் தெற்கே ஒரே நிலையம் தள்ளி, மருயாமா ஆற்றின் அக்கரையில் கெம்புடோ குகைகள். குகை என்றாலும் இயற்கையாக உண்டானது இல்லை, கல் வெட்டி எடுத்ததில் உண்டான குழிகள். சுமார் 16 லட்சம் வருடங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறி இறுகியபோது அறுகோணத் தூண்களாக வெடித்திருக்கிறது, யாரோ அளந்து செதுக்கி அடுக்கிய மாதிரி ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. தூண் தூணாகப் பெயர்ந்து வருவதால் ஊர்க்காரர்கள் சுலபமாக எடுத்துப்போய்ச் சுவர் கட்டப் பயன்படுத்தினார்கள். 1925இல் இந்தப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்து கினோசாகி எரிந்துபோனது, திரும்பக் கட்டும்போது இங்கே இடிந்து விழுந்த கற்களைக் கொண்டுபோய்த்தான் ஊர் நடுவில் ஓடும் சிற்றாற்றின் கரையை எழுப்பினார்கள். யுகாட்டா போட்டுக்கொண்டு நடக்கும்போது குனிந்து கரையைப் பாருங்கள், அறுகோணம் தெரியும்.

இந்தக் குகைக்கு இன்னொரு பெருமை உண்டு, அதைப் படித்த பிறகு எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதையே கூடிவிட்டது. கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மாட்சுயாமா மொட்டோனோரி 1926இல் இங்கிருந்து எடுத்த கல்லில் காந்தத் திசையை அளந்தார். எரிமலைக் குழம்பு ஆறும்போது அந்தக் காலத்துப் பூமியின் காந்தத் திசை கல்லில் பதிந்துவிடும், இந்தக் கல்லில் அது தலைகீழாக இருந்தது. இன்னும் பல இடங்களில் கல் எடுத்து அளந்து பார்த்துவிட்டு, பூமியின் வடக்கும் தெற்கும் ஒரு காலத்தில் இடம் மாறி இருந்திருக்கின்றன என்று 1929இல் எழுதினார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, அறிவியல் உலகம் அவர் பக்கம் வந்து சேரச் சில பத்தாண்டுகள் ஆயின. அப்படித் தலைகீழாக இருந்த கடைசி நெடுங்காலத்துக்கு, அதாவது 25 லட்சத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்னாலிருந்து ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் வரையிலான காலத்துக்கு, இன்று உலகம் முழுக்க அவர் பெயர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஜப்பான் வருகிற குடும்பங்கள் டிஸ்னி பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள், சரி, இங்கே ஒரு காலை நேரத்தையாவது ஒதுக்கலாமே.

பக்கத்தில் இருக்கிற டொயோஓகா நகரம்தான் ஜப்பானின் கடைசி வெள்ளை நாரைகள் வாழ்ந்த இடம். கொனோடொரி என்கிறார்கள், சிறகு விரித்தால் இரண்டு மீட்டர் இருக்கும். வயல்களில் பூச்சிமருந்து அடித்து அடித்து மீனும் தவளையும் இல்லாமல் போனதில் அருகிவிட்டன, 1971இல் வெளியில் வாழ்ந்த கடைசி நாரையும் இறந்தது. 1965லேயே பிடித்து வைத்து வளர்க்க ஆரம்பித்திருந்தும் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. 1985இல் சோவியத் யூனியனின் கபரோவ்ஸ்கிலிருந்து ஆறு இளம் நாரைகள் வந்தன, 1989இல்தான் முதல் குஞ்சு. 2005 செப்டம்பரில் ஐந்து நாரைகளை வானத்தில் பறக்கவிட்டார்கள், 2007இல் வெளியில் கூடு கட்டிய நாரையின் குஞ்சு தானாகப் பறந்தது. நான் வியப்பது விவசாயிகளை. மருந்தைக் குறைத்தார்கள், சிலர் அடியோடு விட்டார்கள். குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் கட்டி வைக்கிறார்கள். கோடை நடுவில் வயலைக் காயவிடுவது அவர்கள் வழக்கம், அதைத் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்துத் தவளை ஆகும் வரை தள்ளிப்போடுகிறார்கள். நாரைகளுக்கான மாகாணப் பூங்கா ஊருக்கு வெளியே இருக்கிறது, ஆனால் பூங்காவுக்குப் போகாமலேகூட, ரயில் ஜன்னலிலிருந்து வயல் நடுவே ஒரு கம்பத்தின் மேல் கூட்டைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஒசாகாவிலிருந்து வருகிற அந்த விரைவு ரயிலின் பெயரும் கொனோடொரிதான்.

இனி தாங்கோ தீபகற்பம். அமானோஹஷிடாத்தே என்ற மணல்திட்டு ஜப்பானின் மூன்று அழகிய காட்சிகளில் ஒன்று என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும், பார்த்துவிட்டுப் பஸ் பிடித்து வடக்கே ஒரு மணி நேரம் போனால் இனே. வளைகுடாவைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குச் சுமார் 230 வீடுகள், ஒவ்வொன்றும் தண்ணீரில் கால் வைத்தபடி நிற்கும். கீழ்த்தளம் படகுக் கொட்டகை, கல் பாவிய தரை சரிந்து நேராகக் கடலுக்குள் இறங்கும், படகை அப்படியே உள்ளே இழுத்துவிடலாம், மேலே வலையும் சாமானும், சில வீடுகளில் குடும்பமும். கடல் ஓரத்தில் இப்படி வீடு கட்டினால் அலை அடித்துக்கொண்டு போகாதா என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்வி. ஜப்பான் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, அரை மீட்டர் போல. வளைகுடாவின் வாய் தெற்கே பார்த்திருக்கிறது, அந்த வாயிலும் ஆவோஷிமா என்ற தீவு குறுக்கே நின்று அலையை வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் ஒரு தட்டில் ஊற்றி வைத்ததைப் போல அசையாமல் கிடக்கும். ஜன்னலுக்குக் கீழே மீன் ஓடுவது தெரியும்.

2005இல் அரசு இந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதி ஆக்கியது, மீனவ ஊர்களில் முதலாவது இதுதான். அதற்கப்புறம் பேர் பரவி, இப்போது விடுமுறை நாட்களில் கார் நிறுத்த இடமில்லாத அளவுக்குக் கூட்டம். இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. மொத்தமே 2,000 பேர் அளவில் இருக்கிற ஊர், அதிலும் நிறைய வயதானவர்கள். அந்தக் கொட்டகை அவர்கள் வீட்டு முற்றம். கதவு இல்லாமல் திறந்து கிடக்கிறதே என்று உள்ளே போய்ப் படம் எடுப்பதும், உலர்த்தப் போட்ட மீனைத் தொட்டுப் பார்ப்பதும் நடக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். படகு சவாரியில் ஏறிக் கடலிலிருந்து பாருங்கள், வீடுகளின் முகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முடிந்தால் அங்கேயே ஒரு ராத்திரி தங்குங்கள், அறைகள் குறைவு, முன்பதிவு அவசியம். நாலு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிப்போன பிறகுதான் அந்த ஊர் ஊராக இருக்கும்.

இனேயிலிருந்து தீபகற்பத்தைச் சுற்றி மேற்கே போனால் கொதொஹிகிஹாமா கடற்கரை. இங்கே மணல் பாடும். நிஜமாகவே. செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த மணலில் காலை அழுத்தித் தேய்த்தால் க்யூ க்யூ என்று சத்தம் வரும். அப்பா முதலில் நம்பவில்லை, காலைத் தூக்கித் தூக்கி வைத்தார், ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நாயோடு வந்திருந்த ஒரு பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் காலைத் தரையோடு இழுத்துக் காட்டினார், அப்படியே செய்ததும் வந்துவிட்டது, அதற்கு மேல் அப்பாவைக் கிளப்பவே முடியவில்லை. மணலில் குவார்ட்ஸ் துகள்கள் அதிகம், அவை ஒன்றோடு ஒன்று உரசுவதால் வருகிற சத்தம். துகள் மேல் கொஞ்சம் அழுக்கு படிந்தாலும், ஈரம் இருந்தாலும் மணல் வாயை மூடிக்கொள்ளும். மழை நாளில் போனால் ஏமாற்றம்தான்.

அழுக்கு படிந்தால் பாடாது என்பதால் ஊர்க்காரர்கள் இந்த மணலைக் காப்பாற்றப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1997 ஜனவரி 2ஆம் தேதி ரஷ்யாவின் நக்கோட்கா என்ற எண்ணெய்க் கப்பல் ஓகி தீவுகளுக்கு அப்பால் புயலில் இரண்டாக உடைந்தது, 6,000 கிலோலிட்டருக்கும் மேல் எண்ணெய் கொட்டி, இந்தக் கரை முழுக்கக் கறுப்பாக வந்து ஒட்டியது. நடு ஜனவரி, கடல் காற்று, பனி. அந்தக் குளிரில் ஊர்க்காரர்களும் நாடெங்கிலும் இருந்து வந்த தன்னார்வலர்களும் வாளியும் அகப்பையுமாக நின்று கையால் அள்ளினார்கள். மணல் திரும்பப் பாடியது. 2001இல் இந்தக் கடற்கரையில் புகைபிடிக்கத் தடை போட்டார்கள், சிகரெட் சாம்பல்கூட விழக்கூடாது என்று. 2007இல் நாட்டின் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாலிதீன் பையோடு போகிறவர்கள் தயவுசெய்து அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அங்கே குப்பைத்தொட்டியைத் தேட வேண்டாம்.

மேற்குக் கோடியில், டொட்டோரி மாகாணம் ஆரம்பிக்கிற இடத்தில் இவாமி ஊரின் உராடொமெ கடற்கரை. டொட்டோரி என்றால் எல்லோரும் மணல்மேட்டுக்கு ஓடுகிறார்கள், அதற்குச் சில நிலையங்கள் முன்னாலேயே இறங்கினால் 15 கிலோமீட்டருக்குக் கருங்கல் பாறைகளும் குட்டித் தீவுகளும் குகைகளும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, படகின் நிழல் அடித்தரையில் விழுவது தெரியும். ஒரு பாறைத் தீவின் உச்சியில் பைன் மரம் நிற்கும், அந்தக் காலத்து டொட்டோரிப் பிரபு அதைப் பார்த்து மயங்கி, இதை அப்படியே பெயர்த்து என் தோட்டத்துக் குளத்தில் கொண்டுவந்து வைக்கிறவருக்கு ஆயிரம் கன் (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளி தருகிறேன் என்றாராம். நல்லவேளை, யாராலும் முடியவில்லை. அஜிரோ துறைமுகத்திலிருந்து சுற்றுலாப் படகு போகிறது, கடல் சீறினால் போகாது. நடக்க முடிகிறவர்கள் பாறை ஓரத்துப் பாதையில் நடக்கலாம், ஏற்ற இறக்கம் அதிகம், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் நம் வாசகர்கள் கேட்பார்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம். ஆண் பனிநண்டு நவம்பர் 6ஆம் தேதியிலிருந்து மார்ச் 20 வரை, பெண் நண்டுக்கு டிசம்பரோடு முடிந்துவிடும், எந்தத் துறைமுகத்தில் பிடித்தது என்று காலில் சீட்டுக் கட்டி விற்பார்கள், விலையும் கடுமைதான். சைவக்காரர்களுக்குக் கஷ்டம் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், காய்கறி சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் மீன் கருவாட்டுச் சாறு இருக்கும். தங்கும் விடுதியில் முன்பதிவு செய்யும்போதே மீன், மீன் சாறு, இறைச்சி எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிவிடுங்கள், போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, பாவம் அவர்களுக்கும் சங்கடம். சோறு, தோஃபு, ஊறுகாய், பழம், கையில் கொஞ்சம் பொடி, சமாளித்துவிடலாம். எப்போது போகலாம் என்றால் மே, ஜூன் தொடக்கம், அக்டோபர். நீந்த வேண்டும் என்றால் ஜூலைக் கடைசியில் போங்கள், ஆகஸ்ட் நடுவுக்கு மேல் ஜெல்லி மீன் வந்துவிடும். குளிர்காலத்தில் வானம் சாம்பல் நிறம், பனிமழை, ரயில் தாமதம். மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது அந்தப் பக்கத்துப் பழமொழி, எந்த மாதமானாலும் அதைக் கேட்டு நடப்பது நல்லது.

ஏன் இவ்வளவு தூரம் வற்புறுத்துகிறேன் என்றால், அந்த ரயில் பாதையின் கதை எனக்குப் பயமாக இருக்கிறது. 2022 ஏப்ரலில் ரயில் நிறுவனம், பயணிகள் குறைந்து நஷ்டத்தில் ஓடும் பாதைகளின் பட்டியலை முதல் முறையாக வெளியிட்டது. கினோசாகியிலிருந்து ஹமாசாகா வழியாக டொட்டோரி வரையிலான பகுதிகள் அதில் இருந்தன. அமரூபேயும் யொரோயும் காசுமியும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. நாளைக்கே மூடிவிடுவார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் ஜப்பானில் எத்தனையோ கிராமப் பாதைகள் இப்படிப் பட்டியலில் ஆரம்பித்துத்தான் பஸ்ஸாக மாறின. ஊர்களில் இளைஞர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும்தான் அந்த ரயிலில் ஏறுகிறார்கள். நாம் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வந்தால் அந்த ஊருக்குக் கிடைப்பது நெரிசல் மட்டுமே. ரயிலில் போய், உள்ளூர் விடுதியில் தங்கி, அந்த ஊர்க் கடையில் சாப்பிட்டால் நாலு காசு அங்கேயே நிற்கும், நமக்கும் பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போகும்போது கீழே கூரைகள் நகர்வதைப் பார்க்கிற பாக்கியம் கிடைக்கும். காரில் போனால் அது கிடையாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வருடம் செர்ரிப் பூக் காலத்துக்கு முன்னால் வழக்கமாக வெளியிடும் ஜப்பான் சிறப்புப் பக்கத்தில் அரைப் பக்கத்தை இந்தக் கடற்கரைக்கு ஒதுக்குங்கள். கியோட்டோவிலிருந்து போவதற்கான ரயில் விவரம், சைவ உணவுக்கு முன்கூட்டியே எழுத வேண்டிய நாலு வரி, எந்த மாதம் போகலாம், இவை இருந்தாலே பாதிப் பேருக்குத் தயக்கம் போய்விடும். இனே பற்றி எழுதினால் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பதைப் படத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள், கட்டுரையின் கடைசியில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். ரயில் அட்டவணையைத் தமிழில் போட்டுத் தரவும், நான் எடுத்த படங்களை அனுப்பவும் தயாராக இருக்கிறேன், அதற்குச் சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒசாகாவிலிருந்து உங்கள் வாசகர்